வண்டி இழுக்க மாட்டேங்கு, புகை மட்டும் ஏகத்துக்கு அடிக்கு

கேள்வி: அண்ணாச்சி, என்னிடம் 2010 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல் இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி, 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கொஞ்ச நாளாகப் பாபநாசத்தில் இருந்து காரையாறு ஏறும்போது வண்டி இழுக்க மாட்டேங்கு. மூன்றாவது கியரில் சும்மா ஏறின இடத்தில் இப்போது இரண்டாவது போட வேண்டியிருக்கிறது. மிதித்தால் பின்னால் கரும்புகை, பைக்கில் வருகிறவர்கள் திட்டிவிட்டுப் போகிறார்கள். நின்ற இடத்தில் புகை இல்லை, காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகிவிடும். ஆயிலும் கூலண்டும் குறையவில்லை. மைலேஜ் 19 கொடுத்தது, இப்போது 15. ஒரு ஒர்க்‌ஷாப்பில் நாலு இன்ஜெக்டரும் மாற்றணும், 38 ஆயிரம் என்கிறார்கள். இன்னொருவர் டர்போ போய்விட்டது என்கிறார். அடுத்த மாதம் ஆர்.சி. 15 வருடம் முடிகிறது, புகை டெஸ்டில் மாட்டிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது. மற்றபடி சமீபத்தில் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை, ஆனியில் கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றினேன்.
(கல்லிடைக்குறிச்சியில் இருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டரை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம். 38 ஆயிரம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கரும்புகை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அது எரியாமல் கரியாகிப் போன டீசல். டீசல் அதிகமாக இறங்கினாலும் வரும், இறங்கிய டீசலுக்குக் காற்று பற்றாவிட்டாலும் வரும். என்னிடம் வந்த வண்டிகளில் இரண்டாவதுதான் அதிகம், ஆனால் எல்லாரும் முதலாவதைத்தான் சந்தேகப்படுவார்கள், ஏனென்றால் அதில்தான் விலை கூடிய சாமான் இருக்கிறது. ஒரு லிட்டர் டீசல் முழுசாக எரியக் குறைந்தது 12 கிலோ காற்று வேண்டும். காற்றுக்கு ஏது கிலோ என்று தோன்றும். நம்ம ஊர் வெயிலில் 12 கிலோ காற்று என்பது கிட்டத்தட்ட பத்தாயிரம் லிட்டர், அதாவது மொட்டை மாடியில் நிற்கிற ஆயிரம் லிட்டர் தண்ணி டேங்க் பத்து. காரையாறு ஏற்றத்தில் அவ்வளவு காற்றை உங்கள் 1248 சிசி இன்ஜின் தானாக இழுத்துக்கொள்ள முடியாது, டர்போதான் அமுக்கி உள்ளே தள்ளுகிறது. அந்த வழியில் எங்கே ஓட்டை விழுந்தாலும், எங்கே அடைத்தாலும், புகையும் வரும் இழுவையும் போகும், இரண்டும் ஒன்றாகவே வரும்.

இதில் ஒரு நல்ல அடையாளம் உண்டு. டீசல் ஃபில்டர் அடைத்தாலும் வண்டி இழுக்காது, ஆனால் புகை வராது, எரிவதற்கு டீசலே போகவில்லையே. இழுவை இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல் பக்கம் பார்க்கணும். இழுவை இல்லை, கரும்புகை இருக்கு என்றால் காற்றுப் பக்கம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாலே பாதிப் பேர் உங்களை ஏமாற்ற முடியாது.

இன்ஜெக்டர் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். இன்ஜெக்டர் ஒழுகினால் அது மலை ஏறும்போது மட்டும் ஒழுகாது, நின்ற இடத்திலும் ஒழுகும். ஐடிலில் வண்டி குலுங்கும், 'டக் டக்' என்று தட்டும், அங்கேயும் புகை லேசாக இருக்கும். ரிட்டர்ன், அதாவது எரியப் போகாமல் டேங்குக்கே திரும்புகிற டீசல், அதிகமாகிப் போன இன்ஜெக்டர் என்றால் காலையில் ஸ்டார்ட் ஆக நாலைந்து சுற்று கேட்கும். உங்களுக்கு ஐடில் சுத்தம், ஸ்டார்ட்டிங் சுத்தம். 1,62,000 ஓடிய இன்ஜெக்டர் புதுசு மாதிரி இருக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இந்த வழக்கில் அது முதல் குற்றவாளி இல்லை. அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் மாற்றச் சொல்லாதீர்கள், ரிட்டர்ன் அளந்து காட்டச் சொல்லுங்கள். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பையும் கழற்றி நாலு பாட்டிலில் விட்டு, ஐந்து நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டால், எது கெட்டதோ அந்தப் பாட்டில் மட்டும் மற்றதைவிட ரெண்டு மூணு மடங்கு நிறைந்திருக்கும். அதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். நாலும் ஒரே மட்டத்தில் நின்றால் நாலையும் மாற்றச் சொன்னவரிடம் காரணம் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக் சிலர் ஓடுகிற இன்ஜினில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாக லூஸ் பண்ணி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். அம்பாசடர் காலத்தில் நானும் அப்படித்தான் பழகினேன். உங்கள் வண்டியில் அதை யாரையும் செய்ய விடாதீர்கள். நாலு இன்ஜெக்டருக்கும் பொதுவாக டீசல் கொடுக்கிற காமன் ரெயில் குழாயில் ஐடிலிலேயே 250, 300 பார் அழுத்தம் இருக்கும், மிதித்தால் ஆயிரத்தைத் தாண்டும். அதில் இருந்து பீறிடுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசி குத்தின அளவுக்குத்தான் தெரியும், உள்ளே சதை கெட்டுவிடும். அப்படி யாருக்காவது ஆனால் மருந்து தடவிக்கொண்டு உட்காராமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஆபரேஷன் வரைக்கும் போகிற விஷயம் அது.

சரி, இப்போது அந்தக் கடைசி வரி. "கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றினேன்" என்கிறீர்கள். உங்கள் வண்டியில் கிளட்ச் மாற்றணும் என்றால் கியர் பாக்ஸை இறக்கணும். அதை இறக்க பேட்டரி, பேட்டரி டிரே, ஏர் ஃபில்டர் டப்பா எல்லாம் வெளியே வரணும், குறுக்கே போகிற காற்று ஹோஸ்களையும் கழற்றித்தான் ஒதுக்கி வைப்பார்கள். திரும்ப மாட்டும்போது ஹோஸ் முழுசாக ஏறாமல் ஓரத்தில் நின்றிருக்கலாம், கிளிப் பழைய தடத்தில் உட்காராமல் இருக்கலாம், 15 வருஷ ரப்பரைப் பிடித்து இழுத்ததில் கீழ்ப்பக்கம் கீறியிருக்கலாம். ஏதாவது ஒரு சென்சார் பிளக்கை மாட்டாமலே விட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. புகை ஆனிக்கு முன்னால் இருந்ததா, அப்புறம் வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. நன்றாக யோசித்துப் பாருங்கள். அப்புறம்தான் என்றால் நான் பந்தயம் கட்டத் தயார்.

ஹோஸில் ஓட்டை இருந்தால் காற்று குறையும், சரி, புகை ஏன் வரணும்? ஏர் ஃபில்டரைத் தாண்டினதும் உள்ளே போகிற காற்றை அளக்கிற சென்சார் ஒன்று இருக்கிறது. அது டர்போவுக்கு முன்னால். இவ்வளவு காற்று போயிருக்கு என்று அது கம்ப்யூட்டரிடம் கணக்குச் சொல்லிவிடும், அதற்கு ஏற்ற டீசலைக் கம்ப்யூட்டர் இறக்கிவிடும். ஆனால் அளந்த காற்று டர்போவைத் தாண்டி இன்ஜினுக்குப் போகிற வழியில் ஓட்டையில் வெளியே போய்விட்டது. பந்தியில் நூறு பேர் என்று சொல்லி நூறு இலைக்கும் பரிமாறியாச்சு, உட்கார்ந்தது அறுபது பேர். மீதி நாற்பது இலைச் சோறுதான் உங்கள் சைலன்சரில் கறுப்பாக வருகிறது. மைலேஜ் 19-ல் இருந்து 15-க்கு வந்ததும் இதில்தான்.

இந்த ஓட்டை லேசில் கண்ணில் படாது. ஐடிலில் டர்போ காற்றை அமுக்குவதே இல்லை, அதனால் வண்டியை நிறுத்தி வைத்துப் பானெட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சோப்புத் தண்ணி அடித்துப் பார்க்கிறேன் என்பார்கள், நின்ற இடத்தில் ரேஸ் பண்ணினால் வருகிற அழுத்தம் குமிழி விடுகிற அளவுக்குப் பெரும்பாலும் வராது. லோடு ஏறினால்தான் அது வாயைத் திறக்கும்.

பல வருஷத்துக்கு முன்னால் வள்ளியூர் பக்கம் இருந்து ஒரு டாக்சிக்காரர் டர்போ சுமோ கொண்டுவந்தார், இதே கதை. நான் நேரே டீசல் பம்பில் கை வைத்தேன். கழற்றி, காலிபிரேஷனுக்கு அனுப்பி, மூணு நாள் கழித்து மாட்டி ஓட்டினால் அதே புகை. வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் இன்ஜினைச் சுற்றி இருந்த பிசுக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே வரும்போது டர்போ ஹோஸின் அடிப்பக்கம் விரல் வழுக்கிற மாதிரி ஈரமாக இருந்தது. மேலே பார்த்தால் ஒரு கீறல் இல்லை. ரெண்டு கையாலும் பிடித்து வளைத்தேன், மீன் செவுள் திறக்கிற மாதிரி ரெண்டு இஞ்ச் நீளத்துக்குப் பிளந்து நின்றது. கையை எடுத்தால் மூடிக்கொண்டது. ஒரு பிராக்கெட்டில் உரசி உரசி வந்த வெட்டு. பம்ப் வேலைக்கு நான் காசு வாங்கவில்லை, வாங்கியிருந்தால் வள்ளியூர் ரோட்டில் அப்புறம் தலை காட்ட முடியாது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. டர்போவில் இருந்து இன்ஜின் மேனிஃபோல்டு (காற்று சிலிண்டர்களுக்குப் பிரிகிற இடம்) வரைக்கும் போகிற ஹோஸ், பைப், ஜாயின்ட் எல்லாவற்றையும், இன்ஜின் ஆறினதும், பழைய பனியன் துணியில் கொஞ்சம் டீசல் நனைத்துச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். டர்போ காற்றோடு லேசாக ஆயில் ஆவி எப்போதும் போகும், அது சகஜம். துடைத்த வண்டியை எடுத்துக்கொண்டு காரையாறு ஏறி இறங்கி வாருங்கள். சொரிமுத்து அய்யனாரையும் பார்த்த மாதிரி ஆச்சு. ஏறும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை அணைத்துவிட்டு, மிதிக்கிற நேரத்தில் முன்பக்கம் 'உஸ்ஸ்' என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால், துடைத்த இடத்தில் எங்கே புதுசாக ஆயில் ஈரம் தெறித்திருக்கோ அங்கேதான் ஓட்டை. அப்புறம் ஒவ்வொரு ஹோஸையும் வளைத்துப் பாருங்கள், முக்கியமாக வளைவின் உள்பக்கமும் கிளிப்புக்கு அடுத்த கால் இஞ்சும்.

அதிலும் அகப்படவில்லை என்றால் அடைத்து ஊதிப் பார்க்கணும். நான் பிளம்பிங் கடையில் வாங்கின பிவிசி எண்ட் கேப்பில் ஓட்டை போட்டு, பஞ்சர் கடையில் தருகிற டியூப்லெஸ் வால்வை இறக்கி வைத்திருக்கிறேன். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி டர்போவின் வாயில் இந்த மூடியை மாட்டி, டயருக்கு அடிக்கிற காற்றை 15 பிஎஸ்ஐ வரைக்கும் விட்டால் ஓட்டை இருக்கிற இடம் சீறும். அதற்கு மேல் ஏற்றக்கூடாது, மூடிக்கு நேரே முகத்தை வைக்கவும் கூடாது. காற்று மெதுவாக இறங்கினால் பயப்படாதீர்கள், இன்ஜினுக்குள் வால்வு வழியாகக் கொஞ்சம் போகத்தான் செய்யும். இதை நீங்களே செய்ய வேண்டாம், செய்யத் தெரிந்த கை அம்பாசமுத்திரத்தில் இல்லாமலா இருக்கும்.

ஹோஸ்தான் என்று உறுதியானால் புதுசு வாங்கி மாட்டுங்கள். டேப் சுற்றுகிறேன், எம்-சீல் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால், வீடு போய்ச் சேரும் வரைக்கும் சரி, மறுநாளைக்கு உதவாது.

ஹோஸ் எல்லாம் நன்றாக இருக்கு என்றால் அடுத்து ஈஜிஆர் வால்வு. சைலன்சருக்குப் போகிற புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்புகிற கதவு அது. லோடு ஏறினால் மூடிக்கொள்ளணும். கல்லிடைக்கும் அம்பைக்கும் நடுவில் ஆறு கிலோமீட்டர் கூட வராத ஓட்டத்திலேயே வண்டி கிடந்தால், கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி அப்பிக்கொண்டு கதவு பாதி திறந்த நிலையிலேயே நின்றுவிடும். காற்று போக வேண்டிய இடத்தில் புகை போனால் என்ன ஆகும், சொல்லவே வேண்டாம். கழற்றி கிளீனர் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிலர் தகடு வெட்டி வைத்து அந்த வழியையே அடைத்துவிடுவார்கள், வண்டி பறக்கும் என்பார்கள். நான் செய்வதில்லை. எஃப்.சி.க்குக் கொண்டுபோகிற வண்டியில் அந்த விளையாட்டு எதற்கு?

ஏர் ஃபில்டரை இதுவரைக்கும் சொல்லவில்லையே என்று நினைத்திருப்பீர்கள். அதைத்தான் முதலில் திறந்து பார்க்கணும், ரெண்டு நிமிஷ வேலை என்பதால் விட்டுவிட்டேன். ஆடிக் காற்றில் ரோட்டோர மண் பாதி அதற்குள்தான் போயிருக்கும். கம்ப்ரசரில் ஊதி ஊதி மாட்டுவது ஒன்றிரண்டு தடவைக்குச் சரி, அப்புறம் காகிதம் கிழிந்து மண் நேரே டர்போ இறக்கையில் போய் அறையும். கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

டர்போ போய்விட்டது என்று சொன்னவருக்கும் ஒரு பதில் சொல்லணும். டர்போ சீல் போனால் ஆயில் குறையும், நீலப் புகை வரும், உங்களுக்கு ரெண்டும் இல்லை. இருந்தாலும் காற்றுக் குழாயைக் கழற்றின நேரத்தில், இன்ஜின் ஆஃப் ஆகி நன்றாக ஆறியிருக்கும்போது, உள்ளே இருக்கிற சின்ன விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றணும். பக்கவாட்டில் நூலளவு ஆட்டம் இருந்தால் தப்பில்லை, ஆயில் படலத்தில் மிதக்கிற ஷாப்ட் அப்படித்தான் இருக்கும். முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கக் கூடாது, இறக்கை நுனி சுவரில் உரசின தடம் இருக்கக் கூடாது. ஹோஸுக்குள் ஆயில் ஈரம் இருந்தால் சரி, சாய்த்தால் ஊற்றுகிற அளவுக்கு இருந்தால் வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். அந்த ஆயிலையே குடித்துக்கொண்டு இன்ஜின் தானாக எகிற ஆரம்பிக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஒரு நாள் ஆனால் டாப் கியரைப் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்து, கிளட்சை விட்டு இன்ஜினை அடக்கணும்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் போடலாமா? போடலாம், ஆனால் அதில் வருகிற பிழை எண்ணை மட்டும் படித்துவிட்டு அனுப்புகிறவரிடம் வேண்டாம். பி0299 என்று வந்தால் டர்போ அழுத்தம் குறைவு என்று அர்த்தம், டர்போவை மாற்று என்று அர்த்தம் இல்லை. ஓட்டிக்கொண்டே அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டிய அழுத்தம், இருக்கிற அழுத்தம் என்று ரெண்டு எண் பக்கத்தில் பக்கத்தில் வரும். நின்ற இடத்தில் ரெண்டுமே 1000 மில்லிபார் சுற்றி நிற்கும். மூன்றாவது கியரில் ஏற்றத்தில் மிதிக்கும்போது ஒன்று ஏறிக்கொண்டே போய் மற்றது பாதியில் நின்றுவிட்டால் காற்று எங்கேயோ போகிறது. ரெண்டும் சேர்ந்தே ஏறி, அப்படியும் புகை வந்தால், அப்போது வாருங்கள் இன்ஜெக்டரைப் பற்றிப் பேசுவோம். திருநெல்வேலி டவுனில் இருந்தால் நான் இதற்கு ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தைச் சொல்லுவேன், ஆனால் அங்கே எப்போது ரோடு காலியாக இருந்தது? உங்களுக்குக் காரையாறு ஏற்றமே இருக்கிறது.

கேட்கத் தயக்கமாக இருக்கு, ஆனாலும் கேட்கிறேன். ஏற்றத்தில் கியரை எப்போது குறைக்கிறீர்கள்? இந்த இன்ஜினின் முழு இழுவை 2000 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும். 1500-க்குக் கீழே விட்டுவிட்டு அதே கியரில் அமுக்கி மிதித்தால் நல்ல வண்டியே கறுப்பாகத் தும்மும். அப்பா ஓட்டும்போது புகை இல்லை, நீங்கள் ஓட்டும்போது மட்டும் இருக்கு என்றால் ஹோஸைத் தேட வேண்டாம்.

கிளட்ச் மாற்றினவரிடமே முதலில் கொண்டுபோங்கள். சண்டைக்குப் போகாதீர்கள், "அண்ணாச்சி, அன்னைக்குக் கழட்டின ஹோஸ் எல்லாம் ஒரு தடவை பாத்திருங்க" என்று சொன்னால் போதும், எதை எதைக் கழற்றினோம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆர்.சி. விஷயம். டெல்லியில் பத்து வருஷ டீசலுக்கு வந்த கட்டுப்பாட்டைப் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு, அது நமக்கு இல்லை. இங்கே 15 வருஷம் முடிந்தால் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். உங்கள் வண்டி பிஎஸ்-4 என்கிற புகை விதிக்கு முந்தினதாகத்தான் இருக்கும், ஆர்.சி.யில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் புகை அளவு 65 ஹெச்எஸ்யு (புகையின் கறுப்பை அளக்கிற அலகு) வரை அனுமதி, பிஎஸ்-4 என்றால் 50. காற்று வழி சரியான 1.3 டீசல் அந்த 65-ஐத் தொடக்கூட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள், டெஸ்டுக்குப் போகிற அன்று வீட்டில் இருந்து நேரே கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள். பல நாள் ஊருக்குள்ளேயே ஓடிய வண்டி சைலன்சரில் கரியை வைத்துக்கொண்டிருக்கும், மீட்டரில் முதல் மிதியிலேயே அது வந்து விழும். காலையில் சேரன்மாதேவி வரைக்கும் ஒரு ஓட்டு, நாலாவது கியரிலேயே கொஞ்சம் தாராளமாக மிதித்துப் போய் வாருங்கள், இன்ஜின் சூடு குறைவதற்குள் வரிசையில் நில்லுங்கள்.